‘போக மாட்டேன்’: ஒரு சொல்லின் இரண்டு பொருளும் பள்ளி அச்சத்தின் வரலாறும்

‘பள்ளிக்கூடம் போக மாட்டேன்’ என்று ஒரு குழந்தை சொல்கிறது. கேட்கும் பெரியவர் இதை மறுப்பாக எடுத்துக்கொள்கிறார். இன்றைய வழக்கில் அது மறுப்புத்தான். ஆனால் ‘மாட்டு’ என்ற வினைக்குப் பழைய தமிழில் ‘இயலுதல்’ என்று பொருள். ‘மாட்டாமை’ என்றால் இயலாமை. அந்தப் பொருள் முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை. ‘வலி தாங்க மாட்டாமல் அழுதாள்’, ‘நடக்க மாட்டாத கிழவர்’ என்று சொல்லும்போது யாரும் அதை அடம் என்று கருதுவதில்லை. ஒரே சொல்லில் ‘விருப்பம் இல்லை’ என்பதும் ‘முடியவில்லை’ என்பதும் சேர்ந்து கிடக்கின்றன.

பள்ளியைக் கண்டு பதறும் குழந்தையைப் பற்றிய 200 ஆண்டு வரலாற்றை இந்த இரண்டு பொருளுக்கும் இடையிலான இழுபறியாகப் படிக்கலாம். குழந்தையின் வராமைக்கு ஒவ்வொரு காலமும் ஒரு பெயர் வைத்தது. யார் மாறவேண்டும் என்பதை அந்தப் பெயரே முடிவு செய்தது. சில பெயர்கள் குழந்தையை மாறச் சொல்லின, சில தாயை, மிகச் சில பள்ளியை.

பெல்லாரியின் காலைப்பொழுது

1823 ஆகஸ்டு 17 அன்று பெல்லாரி மாவட்ட ஆட்சியர் ஏ. டி. கேம்பெல் தம் மாவட்டத்துப் பள்ளிகளைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிவைத்த கல்விக் கணக்கெடுப்புக்கான விடை அது. தரம்பால் 1983இல் வெளியிட்ட நூலின் வழியாக இந்த ஆவணங்கள் பரவலாக அறியப்பட்டன. அதன் பின்னர் எழுந்த விவாதம் பெரும்பாலும் எண்ணிக்கையைச் சுற்றியே நடந்தது. பெல்லாரியின் எண்ணிக்கை 533 பள்ளிகள், 6,641 மாணவர்கள்.

அதே அறிக்கையில் ஒரு காலைப்பொழுதும் பதிவாகியுள்ளது. பள்ளி ஆறு மணியளவில் தொடங்கும். முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் கலைமகளின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழி. அவனுக்குப் பாராட்டும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்லிய ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு. அதன்பின் வரும் ஒவ்வொருவனுக்கும் ஓர் அடி கூடிக்கொண்டே போகும். சோம்பல் மாணவனைக் கூரையிலிருந்து இரு கைகளாலும் தொங்கவிடுவதும், ஓயாமல் மண்டியிட்டு எழச் செய்வதும் அங்கே வழங்கிய தண்டனைகள். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் இத்தகைய தொங்கவிடும் தண்டனைக்குக் ‘கோதண்டம்’ என்று பெயர்.

இந்த ஏற்பாட்டில் கடைசியாக வந்து சேர்பவன் யார்? தூங்கிவிட்டவனாக இருக்கலாம், வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவனாகவும் இருக்கலாம். அடிக்கு மிகவும் அஞ்சியவன் கால் தயங்கித் தயங்கிக் கடைசியில் வந்திருப்பான் என்பதே இயல்பு. அச்சம் அவனைத் தாமதப்படுத்தும், தாமதம் அடியைக் கூட்டும், கூடிய அடி மறுநாள் அச்சத்தைப் பெருக்கும். ஆவணத்தில் இந்தச் சுழற்சிக்குப் பெயர் இல்லை. அங்கே உள்ள ஒரே வகைப்பாடு ‘சோம்பல்’.

இதை இந்தியப் பள்ளியின் தனிக் குறையாகக் கருதத் தேவையில்லை. அதே காலத்து இங்கிலாந்தில் சட்டாம்பிள்ளை முறையைப் பரப்பிய ஜோசப் லங்காஸ்டர், குறும்பு செய்யும் மாணவரைக் கூடையில் வைத்துக் கூரைக்கு ஏற்றித் தொங்கவிடும் தண்டனையைக் கையாண்டார். பிள்ளைகளை அச்சத்தால் படிக்கவைக்கலாம் என்பது இரு நாட்டுக்கும் பொதுவான நம்பிக்கை.

திரிபவன்

கல்வி கட்டாயமானபோது வராமையின் பொருள் மாறியது. இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம் பள்ளிகளை ஏற்படுத்தியது. 1880ஆம் ஆண்டுச் சட்டம் 5 முதல் 10 வயதுவரை வருகையைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெயிக்வாட் 1893இல் அம்ரேலி வட்டத்திலும் 1906இல் அரசு முழுமைக்கும் கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்தார். பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு அபராதம் உண்டு. பெருவாரியான குழந்தைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறந்தவை இந்தச் சட்டங்கள். கூடவே, ‘வராத குழந்தை’ என்னும் புதிய நிர்வாக வகையையும் இவை படைத்தன.

அந்த வகைக்கு ஆங்கிலம் இட்ட பெயர் ‘ட்ரூவன்ட்’. பழைய பிரெஞ்சு மொழியில் பிச்சையெடுத்துத் திரிபவனைக் குறித்த சொல் அது. தமிழில் இதற்கு ஈடானது ‘மட்டம் போடுதல்’. இரு சொற்களிலும் ஒரு முன்முடிவு இருக்கிறது. குழந்தை வேறெங்கோ இன்பமாக இருக்கிறது, பெற்றோரை ஏமாற்றுகிறது, பிடித்து இழுத்து வந்தால் போதும். வீட்டுக் கதவுக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு இந்தச் சொல்லில் இடமில்லை.

நோய்க்குப் பெயர் வந்தது

அந்தப் பிள்ளையைத் தனியாகப் பிரித்துக் காட்டியவர் அமெரிக்க மருத்துவர் ஐஸ்ரா ப்ராட்வின். 1932இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பில் ‘ட்ரூவன்சி’ என்ற பழைய சொல்லே இருந்தது. உள்ளே அவர் விவரித்த குழந்தைகளோ வேறு வகையினர். அவர்கள் மாதக்கணக்கில் பள்ளிக்குச் செல்வதில்லை. எங்கும் திரிவதும் இல்லை, வீட்டில் தாயின் அருகிலேயே இருக்கிறார்கள். இது பெற்றோருக்குத் தெரியும். ஏன் போகவில்லை என்று கேட்டால் குழந்தையால் விளக்க முடிவதில்லை. பள்ளியை விட்டு விலகியிருக்கும்வரை அமைதியாக இருக்கும் குழந்தை, பள்ளிப் பேச்சு எழுந்ததும் துயரத்தில் மூழ்குகிறது.

1941இல் அடிலெய்ட் ஜான்சனும் மூன்று சக ஆய்வாளர்களும் எட்டுக் குழந்தைகளை ஆய்ந்து ‘பள்ளி அச்சநோய்’ என்ற பெயரை முன்வைத்தனர். ஒருவகையில் இது விடுதலை. குழந்தை கள்ளனாக இருந்த நிலை மாறி நோயாளியானது, அடி விழுந்த இடத்தில் சிகிச்சை வந்தது. ஆனால் அந்தக் கட்டுரை காரணத்தை வீட்டுக்குள் தேடியது. குழந்தையின் கடும் பதற்றமும் தாயின் பதற்றமும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதே நோயின் வேர் என்று அது வாதிட்டது. அடுத்து வந்த இருபது ஆண்டுகளில் ‘பள்ளியைக் கண்டு அஞ்சுவதில்லை, தாயைப் பிரிய அஞ்சுகிறது’ என்ற விளக்கம் வலுப்பெற்றது. பிரிவுப் பதற்றம் பல குழந்தைகளிடம் உண்மையில் உண்டு. ஆயினும் அந்த விளக்கத்தின் முழுச் சுமையும் தாயின் தலையில் இறங்கியது. வகுப்பறையில் என்ன நடந்தது என்று கேட்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் எழவில்லை.

சிகிச்சையிலும் இழுபறி இருந்தது. 1965இல் வாலஸ் கென்னடி, திடீரென முதன்முறையாக இந்நிலைக்கு ஆளான 50 குழந்தைகளை உடனடியாகப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பி, விரைவில் குணம் கண்டதாக எழுதினார். பள்ளியை விட்டு விலகியிருக்கும் ஒவ்வொரு நாளும் திரும்புவதைக் கடினமாக்கும் என்பது இதில் உள்ள உண்மை. வீட்டில் இருந்தால் பதற்றம் உடனே தணிகிறது. அந்தத் தணிவே விலகலைப் பழக்கமாக்குகிறது. ஆனால் நெடுங்காலமாகத் துன்புறும் குழந்தைக்கும், பள்ளியில் உண்மையாகவே துன்புறுத்தப்படும் குழந்தைக்கும் அதே மருந்து பொருந்தாது.

ஒரே நடத்தை, பல காரணங்கள்

பிரிட்டிஷ் மருத்துவர்கள் ‘அச்சநோய்’ என்பதைத் தவிர்த்துப் ‘பள்ளி மறுப்பு’ என்று எழுதத் தொடங்கினர். எல்லாக் குழந்தைகளும் ஒரே பொருளுக்கு அஞ்சுவதில்லை என்பது அவர்களுடைய நியாயம். 1990இல் கிறிஸ்டஃபர் கியர்னியும் வெண்டி சில்வர்மனும் பெயரைவிடப் பயனைப் பார்க்கச் சொன்னார்கள். குழந்தை வராமல் இருப்பதால் அதற்கு என்ன கிடைக்கிறது? அவர்கள் நான்கு விடைகளைத் தந்தனர். பதற்றமூட்டும் சூழலிலிருந்து விலகல், பிறர் முன் பேசுதல், தேர்வு போன்ற மதிப்பீடுகளிலிருந்து தப்புதல், அன்புக்குரியவரின் கவனம், பள்ளிக்கு வெளியே கிடைக்கும் இன்பம். முதலிரண்டில் குழந்தை ஒன்றை விட்டு ஓடுகிறது, பின்னிரண்டில் ஒன்றைத் தேடிப் போகிறது. ஒரே ‘மாட்டேன்’ நான்கு வேறு வாக்கியங்களின் சுருக்கமாக இருக்க முடியும். ஆகவே காரணத்தைக் கேட்டறியாத உதவி குருட்டடியாகிவிடுகிறது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இன்றுவரை பள்ளி மறுப்பு என்று ஒரு தனி நோய் இல்லாததற்கும் இதுவே காரணம்.

பெயர் மாற்றத்தை மிகத் தெளிவாகக் காட்டுவது ஜப்பான். அங்கும் முதலில் ‘பள்ளி அச்சநோய்’ என்றார்கள். பின்னர் ‘தோகோ க்யோஹி’, அதாவது பள்ளி மறுப்பு என்றார்கள். இப்போது வழங்குவது ‘ஃபுதோகோ’: பள்ளிக்குச் செல்லாமை. நோயும் இல்லை, மறுப்பும் இல்லை. நிகழ்வை மட்டும் சொல்லும் எதிர்மறைச் சொல். இது எந்தக் குழந்தைக்கும் நேரக்கூடியது என்ற நிலைப்பாட்டை 1992இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் ஏற்றது. 2016இல் இயற்றப்பட்ட சட்டமோ இத்தகைய குழந்தைக்கு ஓய்வு தேவைப்படலாம் என்பதையும் ஒப்புக்கொண்டது.

மேற்கிலும் ஜப்பானிலும் இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் மருத்துவரும் அமைச்சகமும் எழுப்பினர். இந்தியாவில் அதை எழுப்பியவர்கள் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும். அதனால் இங்கே கேள்வியின் முனை வேறு பக்கம் திரும்பியது.

இந்திய மரபு: பள்ளியைக் கேட்ட கேள்வி

இரவீந்திரநாத் தாகூர் பல பள்ளிகளில் சேர்க்கப்பட்டார், எதிலும் நிலைக்கவில்லை. பதின்ம வயதின் நடுவிலேயே அவருடைய முறையான பள்ளிப்படிப்பு முடிந்துபோனது. தம் இளமை நினைவுகளில் அவர் ஒரு விளையாட்டைச் சொல்கிறார். வீட்டுத் தாழ்வாரத்தின் கம்பிகளே அவருடைய மாணவர்கள். கையில் பிரம்புடன் அந்தக் கம்பிகளுக்கு அவர் ஆசிரியராக இருந்தார், அடித்தார். பள்ளியில் கற்ற பாடங்களைவிட ஆசிரியரின் சினமும் பாரபட்சமும் எளிதாகப் படிந்துவிட்டதை முதிர்ந்த தாகூர் அந்த விளையாட்டில் அடையாளம் காண்கிறார். பள்ளிக்குப் போன குழந்தை அச்சத்தைக் கற்றது. அச்சத்தை உண்டாக்கவும் கற்றது.

1892இல் தாய்மொழிக் கல்விக்காக வாதிட்டு எழுதிய தாகூர், 1901 டிசம்பரில் ஐந்து மாணவர்களுடன் சாந்திநிகேதனில் பள்ளியைத் தொடங்கினார். வகுப்பு மரத்தடியில் நடந்தது. 1918இல் எழுதிய கிளிக் கதையில், ஒரு கிளிக்குக் கல்வி புகட்ட எடுக்கப்படும் பெருமுயற்சி அதன் சாவில் முடிகிறது. கதையில் கிளிக்கு நோய் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். கோளாறு முழுவதும் ஏற்பாட்டில்தான்.

தாகூர் கவிஞர், செல்வர். அவரால் முடிந்தது சாதாரணப் பள்ளியில் முடியுமா என்ற ஐயம் எழுவது இயல்பு. குஜராத்தில் அந்த ஐயத்துக்கு விடை தேடியவர் கிஜுபாய் பதேகா. வழக்கறிஞராக இருந்த அவர் தம் மகனின் கல்வியைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கி, மாண்டிசோரியைப் படித்து, 1920இல் பாவ்நகரில் தட்சிணாமூர்த்தி நிறுவனத்தின் பால மந்திரைத் தொடங்கினார். குழந்தைகள் வழியே அவருக்கு வந்த பெயர் ‘மீசை வைத்த அம்மா’. அவருடைய ‘திவாஸ்வப்ன’ தமிழிலும் ‘பகல் கனவு’ என்று படிக்கக் கிடைக்கிறது. வழக்கமான அரசுப் பள்ளி ஒன்றின் நான்காம் வகுப்பைச் சோதனைக்காக ஏற்கும் ஆசிரியரின் கதை அது.

முதல் நாளில் அந்த ஆசிரியர் தோற்றுப்போகிறார் என்பதே அந்நூலின் நேர்மை. புத்தகத்தில் படித்த அமைதி விளையாட்டை நடத்தப் பார்க்கிறார். பிள்ளைகள் கூச்சலிட்டுக் கேலி செய்கிறார்கள். மறுநாள் கதை சொல்கிறார், வகுப்பு அடங்குகிறது. கதையும் விளையாட்டும் நூலகமும் தூய்மையும் முதலில் வருகின்றன; பாடம் பின்னால் வருகிறது. குழந்தைக்கும் பெரியவருக்கும் இடையே நம்பிக்கை பிறக்காமல் கற்பித்தல் தொடங்குவதில்லை என்பது அவர் கண்ட வரிசை. அஞ்சும் குழந்தைக்கு உதவி செய்வோர் இன்று முதலில் தேடுவதும் அந்த ஒரு நம்பிக்கைக்குரிய பெரியவரைத்தான்.

விடுதலைக்குப் பின் இந்த மரபு ஆவணங்களுக்குள் மெல்ல நுழைந்தது. 1989இல் மாநிலங்களவையில் ஆர். கே. நாராயண் குழந்தைகளின் புத்தகச் சுமையைப் பற்றிப் பேசினார். 1992இல் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 1993இல் ‘சுமையற்ற கற்றல்’ என்ற அறிக்கையை அளித்தது. தோளில் தொங்கும் எடையைவிடப் புரியாமையின் எடை கொடியது என்பது அதன் முடிவு. புரியாத பாடத்தின் முன் நாள்தோறும் அமர்ந்திருக்கும் குழந்தைக்குப் பள்ளி எப்போதும் ஒரு தேர்வுதான். பின்னர் 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பை உருவாக்கிய குழுவுக்கும் யஷ்பாலே தலைமை ஏற்றார்.

சட்டத்தில் ஏறிய மூன்று சொற்கள்

2000 டிசம்பர் 1 அன்று தில்லி உயர்நீதிமன்றம், உடல் தண்டனையை அனுமதித்த தில்லிப் பள்ளிக் கல்வி விதிகளைச் செல்லாதவை என்று அறிவித்தது. அச்சமற்ற சூழலில், கண்ணியத்தோடு கல்வி பெறுவது குழந்தையின் உரிமை என்பது அத்தீர்ப்பின் சாரம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பரவலாக அறியப்பட்ட பிரிவு இது.

அதிகம் பேசப்படாதது 29ஆம் பிரிவு. பாடத்திட்டமும் மதிப்பீடும் எவற்றைக் கருத்தில் கொள்ளவேண்டும் என்று எட்டுக் கூறுகளை அது பட்டியலிடுகிறது. ஆறாவது கூறு, இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்கவேண்டும் என்பது. ஏழாவது கூறு, குழந்தையை அச்சம், அதிர்ச்சி, பதற்றம் ஆகியவற்றிலிருந்து விடுவித்து, தன் கருத்தைத் தடையின்றிச் சொல்ல உதவுவது.

இங்கே மூன்று சொற்கள் தனித்தனியே வைக்கப்பட்டிருப்பது பொருளுடையது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை. நான்கிலும் அஞ்சப்படும் ஒன்று எதிரே நிற்கிறது. பிரம்பு ஏந்திய ஆசிரியர் நான்காவதில் அடங்குவார். பிரம்பைத் தடை செய்தால் அந்த அச்சத்தின் காரணம் அகலும். பதற்றத்துக்கு அப்படி ஒரு பொருள் எதிரே நிற்கவேண்டியதில்லை. நாளை என்ன கேட்பார்களோ, பிறர் சிரிப்பார்களோ, அம்மாவுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று வராத ஒன்றை எண்ணி உடல் முன்கூட்டியே பதறுவது அது. ஆகவே 17ஆம் பிரிவை முழுமையாகக் கடைப்பிடிக்கும் பள்ளியிலும் பதறும் குழந்தை இருக்க முடியும்.

அந்தக் கூறு வைக்கப்பட்ட இடமும் கவனத்துக்குரியது. சட்டம் பதற்றத்தை மருத்துவத்தின் கீழோ ஒழுங்கின் கீழோ வைக்கவில்லை. பாடத்திட்டத்தின் கீழ், மதிப்பீட்டின் கீழ் வைத்திருக்கிறது. தாகூரும் கிஜுபாயும் யஷ்பால் குழுவும் கேட்ட கேள்வி சட்டமொழியில் உறைந்த இடம் இது. குழந்தையைச் சரிசெய்து பள்ளிக்கு அனுப்புவதோடு கடமை முடிவதில்லை. பள்ளி என்ன கற்பிக்கிறது, எப்படிச் சோதிக்கிறது என்பதும் பதற்றத்தின் காரணங்களுள் சேர்கிறது.

மொழியின்மையும் மௌனமும்

தாய்மொழிக் கூறும் பதற்றக் கூறும் அடுத்தடுத்து நிற்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் மௌனமான குழந்தையிடம் இவ்விரண்டும் உண்மையிலேயே சந்திக்கின்றன. வீட்டில் பேசும் குழந்தை வெளியே ஒரு சொல்லும் பேசாத நிலையை 1877இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மவுல் விவரித்தார். விரும்பியே பேச்சை விட்டுவிடுவதாகப் பொருள்படும் பெயரை அதற்கு இட்டார். 1934இல் மோரிட்ஸ் ட்ராமர் ‘தானே தேர்ந்த மௌனம்’ என்றார். 1994இல் அமெரிக்கக் கையேட்டின் நான்காம் பதிப்பு ‘தேர்ந்த’ என்பதை நீக்கி, ‘சில சூழல்களில் மட்டும் நேரும் மௌனம்’ என்று பொருள்படும் பெயரை ஏற்றது. 2013இல் ஐந்தாம் பதிப்பு அதைப் பதற்றக் கோளாறுகளின் வரிசையில் சேர்த்தது. ‘பேச மாட்டேன்’ என்பதும் மறுப்பிலிருந்து இயலாமைக்கு நகர 136 ஆண்டுகள் ஆயின.

அந்தக் கையேடு ஒரு நிபந்தனையும் விதிக்கிறது. அச்சூழலில் பேசப்படும் மொழி தெரியாததால் விளைந்த மௌனம் இந்த நோய் ஆகாது. இந்திய வகுப்பறைக்கு இந்த நிபந்தனை மிக முக்கியமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பேசும் மொழிகள் மட்டும் இந்நாட்டில் 121. வீட்டில் சவரா பேசிவிட்டு ஒடியா வகுப்பில் அமரும் குழந்தையும், வீட்டில் தமிழ் பேசிவிட்டு ஆங்கில வழி மழலையர் வகுப்பில் அமரும் குழந்தையும் முதல் மாதங்களில் வாய் திறக்காமல் இருப்பது நோயன்று. ஆனால் அந்த மௌனத்தை ஆசிரியர் மந்தம் என்றோ அடம் என்றோ படித்து, எல்லார் முன்னிலையிலும் பேசச் சொல்லி வற்புறுத்தினால், மொழியின்மை பதற்றமாக வளர வழியுண்டு. ஒடிசா அரசு 2006-07இல் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியைத் தொடங்கியதைப் பண்பாட்டு உரிமையாக மட்டுமே பேசுவது வழக்கம். அது ஆறாவது கூறு ஏழாவது கூறுக்குச் செய்யும் உதவியும் ஆகும்.

நடைமுறையில்

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 1998 முதல் தேர்வுக்கால உளவியல் ஆலோசனையை நடத்திவருகிறது. 2020இல் மத்திய அரசு ‘மனோதர்ப்பண்’ திட்டத்தைத் தொடங்கியது. 2022இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு சுமார் 3.79 லட்சம் மாணவரிடம் நடத்திய ஆய்வில், படிப்பும் தேர்வும் முடிவுகளுமே பதற்றத்துக்குக் காரணம் என்று பத்தில் எட்டுப் பேர் சொன்னார்கள். தொலைபேசி ஆலோசனை தேவைதான். ஆனால் காரணம் என்று மாணவர் சுட்டியவை மூன்றும் பள்ளிக்குள் இருக்கின்றன. ஏழாவது கூறு ஆலோசகரின் அறையில் மட்டும் நிறைவேறிவிடாது.

இந்த நீண்ட வரலாறு தரும் படிப்பினைகளை ஒரு சாதாரணப் பள்ளியிலும் செயல்படுத்த இயலும். காலைதோறும் வயிறு வலிக்கும் குழந்தையை முதலில் மருத்துவரிடம் காட்டவேண்டும். உடலில் குறை இல்லை என்று தெரிந்த பின்னும் அந்த வலியைப் பொய் என்று சொல்லக்கூடாது. பதற்றம் தரும் வலியும் வலிதான். அடுத்து, எது கடினம் என்று கேட்கவேண்டும். பேருந்தா, ஒரு குறிப்பிட்ட பாடவேளையா, சத்தமாக வாசிப்பதா, கழிப்பறையா, கேலி செய்யும் சக மாணவரா, எழுத்துகள் பிடிபடாத கற்றல் குறைபாடா, வீட்டில் நிகழ்ந்த ஓர் இழப்பா? ‘ஏன் போக மாட்டேன் என்கிறாய்?’ என்ற கேள்விக்கு விடை சொல்ல முடியாத குழந்தை, ‘எந்த இடம் வந்ததும் கால் தயங்குகிறது?’ என்று கேட்டால் சொல்லக்கூடும்.

கேலியோ துன்புறுத்தலோ காரணமானால் மாறவேண்டியது பள்ளி. குழந்தைக்குத் துணிவு புகட்டுவது அநீதி. காரணம் பதற்றமானால், வீட்டிலேயே நீண்ட காலம் வைத்துக்கொள்வதும் தூக்கிச் சென்று வகுப்பில் விடுவதும் ஒருபோலக் கெடுதல் தரும். இடைவழி படிகளால் ஆனது: முதலில் வாயில்வரை, பிறகு நூலகத்தில் ஒரு மணி நேரம், பிறகு பிடித்த பாடவேளை, பிறகு அரை நாள். ஒவ்வொரு படியும் குழந்தைக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும். வாயிலில் நாள்தோறும் அதே ஆசிரியர் வரவேற்கவேண்டும். பெற்றோரும் பள்ளியும் ஒரே சொல்லைச் சொல்லவேண்டும். வகுப்பின் முன் எழுந்து நின்று விடை சொல்ல முடியாத குழந்தைக்கு எழுதிக் காட்டவோ, ஒரு நண்பனிடம் மட்டும் சொல்லவோ முதலில் இடம் தரலாம். பின்னர் அந்த வட்டத்தை மெல்ல விரிக்கலாம். வாரக்கணக்கில் முன்னேற்றம் இல்லையென்றால், உண்ணுதலும் உறங்குதலும் குலைந்தால், குழந்தைகளுக்கான உளமருத்துவரையோ உளவியலாளரையோ தாமதமின்றி நாடவேண்டும்.

இவற்றுக்கு இடையூறாக நிற்பவை பெரும்பாலும் சிறிய வழக்கங்கள். ஆண்டு விழாவில் நூறு விழுக்காடு வருகைக்குப் பரிசு. எட்டரைக்கு மேல் வந்தால் வாயிலில் வரிசையாக நிற்கவைத்தல். மதிப்பெண் வரிசைப்படி விடைத்தாள் கொடுத்தல். பிரம்பு இல்லை, சட்ட மீறலும் வெளிப்படையாகத் தெரிவதில்லை. எனினும் முதலில் வந்தவன் கையில் கலைமகளின் பெயரையும் பின்னால் வந்தவன் கையில் அடியையும் எழுதிய பெல்லாரியின் கணக்குமுறை இவற்றில் தொடர்கிறது. மூன்று வாரம் வீட்டில் இருந்துவிட்டு, ஒரு நாள் பதினொரு மணிக்குத் தாயின் கையைப் பிடித்தபடி வாயிலுக்கு வரும் குழந்தை, வருகைப் பதிவேட்டில் ‘தாமதம்’. அந்தக் குழந்தையின் கணக்கில் அது அந்த மாதத்தின் மிகக் கடினமான பாடத்தை முடித்த நாள். அந்த நாளில் வாயிலில் நிற்கும் ஆசிரியர் என்ன சொல்கிறார் என்பதில்தான் 29ஆம் பிரிவின் ஏழாவது கூறு நிறைவேறுகிறது, அல்லது ஏட்டோடு நின்றுவிடுகிறது.